உயிர்களின் சுய ஒழுங்கமைவு பற்றிய கூட்டாய்வுக்கு நிதி கேட்பது எப்படி?

கேள்வி இதுதான்: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் அரசு உதவிபெறும் கல்லூரி ஒன்றில் விலங்கியல் ஆசிரியர் ஒருவர். கோவையில் கணிதம் நடத்தும் நண்பர் துணைக்கு. மண்ணில் வாழும் டிக்டியோஸ்டீலியம் என்ற ஒற்றைச் செல் அமீபாக்கள் தலைவன் இல்லாமலே கூடி ஒரே உடலாவதை, அதாவது சுய ஒழுங்கமைவை, ஆராய நினைக்கிறார்கள். எங்கே பணம் கேட்பது, எங்கே சறுக்கும்?

சறுக்குவது பெரும்பாலும் முதல் பக்கத்திலேயே. "உயிர்களில் சுய ஒழுங்கமைவு" என்று பொதுவாக எழுதி அனுப்பினால் உயிரியல் குழு அதைக் கணக்கு என்று ஒதுக்கும், கணிதக் குழு உயிரியல் என்று ஒதுக்கும். இருவருக்கும் வேண்டிய ஓர் எண்ணைச் சுற்றி எழுதினால்தான் பிழைக்கும். உணவு தீர்ந்ததும் இந்த அமீபாக்கள் சைக்ளிக் ஏஎம்பி என்ற வேதிப்பொருளை ஏறக்குறைய 6 நிமிடத்துக்கு ஒருமுறை அலையலையாக விடும். அலை வரும் திசையை நோக்கி மற்றவை நகரும். 24 மணி நேரத்துக்குள் கூடிய செல்களிலிருந்து ஒரு காம்பும் அதன் உச்சியில் வித்துத்தலையும் எழுந்து நிற்கும். ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு செல்கள் காம்பாகிச் செத்துப்போகும். இதில் உங்கள் கேள்வி, "செல் அடர்த்தியைக் குறைத்துக்கொண்டே போனால் எந்த அடர்த்தியில் அலை நின்றுபோகிறது?" என்பதாக இருக்கட்டும். நண்பரின் சமன்பாடு அந்த எண்ணை முன்கூட்டிச் சொல்ல வேண்டும், அமீபா வளரும் உங்கள் அகார் (கூழ்) தட்டு அதைச் சோதிக்க வேண்டும். உயிர்களில் வடிவங்கள் தாமாக உருவாவதைக் கணிதத்தால் விளக்கிய ஆலன் டூரிங்கின் 1952 கட்டுரையைப் பற்றி இரண்டு வரி போதும். விண்ணப்பத்தை மதிப்பிடும் ரிவ்யூவர் அதை ஆயிரம் முறை படித்திருப்பார்.

பட்ஜெட்டில் இந்த ஊருக்கே உரிய சிக்கல் வெயில். இந்த அமீபாவுக்கு 22 டிகிரி வேண்டும். பாலக்காட்டில் மார்ச் மாதம் 40-ஐத் தொடும். சாதாரண இன்குபேட்டருக்குச் சூடாக்க மட்டுமே தெரியும், அறை வெப்பத்துக்குக் கீழே இறக்காது. குளிரூட்டும் வசதியுள்ள பிஓடி இன்குபேட்டர் என்று கருவிப் பட்டியலில் தெளிவாக எழுதுங்கள். அதோடு ஜெனரேட்டர் இணைப்பையும் கேளுங்கள்: கம்ப்யூட்டருக்கு வைத்திருக்கும் சிறிய யுபிஎஸ், கம்ப்ரெசர் கிளம்பும்போது இழுக்கும் மின்சாரத்தைத் தாங்காது. கரண்ட் போய் வெப்பம் ஏறினால் அலையின் இடைவெளியே மாறிவிடும், அன்றைய அளவீடு வீண். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் மாதங்களில் அகார் காய்ந்து செல்கள் நகராமல் நின்றுவிடும். ஈரத்தாள் போட்ட டப்பாவுக்குள் தட்டை வையுங்கள். மூடியில் நீர் பனித்தால் படம் மங்கும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேமரா 20 நொடிக்கு ஒரு படம் எடுத்தால் ஓர் அலைக்கு 18 படம் கிடைக்கும். 2 நிமிடத்துக்கு ஒன்று என்றால் மூன்றே படம், அலையைப் பிடிக்கவே முடியாது. 12 மணி நேரத்துக்கு 2,160 படம். ஒன்று 8 எம்பி என்றால் சுமார் 17 ஜிபி. ஒவ்வொரு படத்திலிருந்தும் ஒரே கோட்டிலுள்ள புள்ளிகளை வெட்டி வரிசையாக ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குங்கள். சாய்ந்த பட்டைகள் தெரியும்: சாய்வு அலையின் வேகம், பட்டைகளின் இடைவெளி அதன் காலம். விண்ணப்பத்தில் அந்த ஒரு படம் பத்துப் பக்க விளக்கத்துக்குச் சமம்.

ஆள் செலவை யாரும் ஒழுங்காகப் போடுவதில்லை என்பது வருத்தமான விஷயம். பிப்பெட்டும் பிடித்து நிரலும் எழுதும் ஓர் ஆள் நடுவில் இல்லையென்றால் கூட்டாய்வு தாளோடு நின்றுவிடும். 2023 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள விகிதப்படி ஜேஆர்எஃப் எனும் இளநிலை ஆய்வாளருக்கு மாதம் 37,000 ரூபாய், மூன்றாம் ஆண்டு எஸ்ஆர்எஃப் எனும் முதுநிலை ஆய்வாளர் ஆனதும் 42,000. மூன்று ஆண்டுக்கு 13,92,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி.

எங்கே கேட்பது? அறிவியல் ஆய்வுக்கு நிதி தந்துவந்த மத்திய அரசு வாரியமான எஸ்இஆர்பி-யின் இடத்தில் இப்போது 2023 சட்டப்படி வந்த ஏஎன்ஆர்எஃப் (அனுசந்தான் தேசிய ஆய்வு அறக்கட்டளை) இருக்கிறது. முதல் முயற்சிக்கு அதுவே ஏற்றது. கஞ்சிக்கோட்டில் ஐஐடி பாலக்காடு இருக்கிறது, அங்கே ஒரு கோ-பிஐ (இணை ஆய்வுப் பொறுப்பாளர்) கிடைப்பாரா என்று கேளுங்கள். மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளையும் சேர்ந்து நடத்தும் இந்தியா அலையன்ஸின் டீம் சயன்ஸ் கிராண்ட் 5 ஆண்டுக்கு 10 கோடி ரூபாய் வரை தந்துவந்தது, ஆனால் இரண்டு பேர் குழுவுக்கு அது சட்டை பெரிது. பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்கில் இருக்கும் எச்எஃப்எஸ்பி (ஹியூமன் ஃபிரான்டியர் சயன்ஸ் புரோகிராம்) என்ற பன்னாட்டு அமைப்பு 1989 முதல் இப்படிப்பட்ட கேள்விகளுக்காகவே பணம் தருகிறது. இந்தியாவும் உறுப்பு நாடு. முதலில் ஒரு சுருக்கக் கடிதம் போதும், முன்தரவு கட்டாயமில்லை. ஆனால் வெவ்வேறு நாட்டு ஆய்வகங்கள் புதிதாகச் சேர வேண்டும். ஏற்கெனவே சேர்ந்து பேப்பர் போட்டவர்கள் என்றால் ஈர்ப்பு குறையும். வெளிநாட்டுப் பணம் என்பதால் உங்கள் கல்லூரிக்கு எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு உண்டா என்று இன்றே அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். உள்ளூர் மண்ணில் பிரித்தெடுத்த அமீபாவை வெளிநாட்டுக்கு அனுப்புவதாக இருந்தால் சென்னை தரமணியிலுள்ள தேசிய பல்லுயிர் ஆணையத்தின் அனுமதி வேண்டும். அதை அட்டவணையின் முதல் வேலையாகப் போடுங்கள்.

பணம் இரண்டு மாநிலக் கல்லூரிகளுக்குப் பிரிந்து போனால் இரண்டு இடத்திலிருந்தும் மத்திய அரசின் பொது நிதி விதிகளில் உள்ள ஜிஎஃப்ஆர் 12-ஏ படிவத்தில், பணத்தை எப்படிச் செலவழித்தோம் என்று காட்டும் பயன்பாட்டுச் சான்று போக வேண்டும். ஜனவரியில் வந்த பணத்துக்கும் மார்ச் 31 வரைக்கான கணக்கு காட்டியாக வேண்டும். ஒருவர் தாமதித்தால் இருவருக்கும் அடுத்த தவணை நிற்கும்.

பணம் வரும்வரை சும்மா இருக்க வேண்டாம், தலைவன் இல்லாத கூட்டு வேலையைத் தோப்பிலும் பார்க்கலாம். முதலமடை மாந்தோப்புகளில் முசுறு எறும்பு, மலையாளத்தில் நீறு என்பார்கள், ஒன்றின் இடுப்பை ஒன்று கவ்விச் சங்கிலியாகி இரண்டு இலைகளை இழுத்துச் சேர்க்கும். பிறகு தங்கள் புழுக்கள் விடும் பட்டு இழையால் ஒட்டும். இலைகளுக்கு இடையே உள்ள தூரம் எத்தனை மில்லிமீட்டர், சங்கிலியில் எத்தனை எறும்பு? செல்போனும் ஸ்கேலும் போதும். தோப்புக்காரரிடம் மருந்தடிக்கும் நாளை முன்பே கேட்டுக்கொண்டு போங்கள்.