மைத்துனருக்கு அனுப்பிய ஆதாரங்கள்

கேள்வி: அந்தக் காலத்தில் விவரம் தெரியாததால் மக்கள் தலைவர்களைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பினார்கள். இன்று எல்லார் கையிலும் செல்பேசி இருக்கிறது. தேடினால் எந்த உண்மையும் ஒரு நிமிடத்தில் கிடைத்துவிடுகிறது. அப்படியிருந்தும் என் மைத்துனர் தன் கட்சியைப் பற்றி ஒரு சொல் கேட்க மாட்டேன் என்கிறார். ஆதாரங்களைத் தேடித் தேடி அனுப்புகிறேன், திறந்துகூடப் பார்ப்பதில்லை. இணையத்தால் அரசியல் பிடிவாதம் மாறவே மாறாதா? (ஒரு வாசகர், கும்பகோணம்)

பதில்: ‘விவரம் தெரியாததால் நம்பினார்கள்’ என்று ஆரம்பிக்கிறீர்களே, சறுக்கல் அங்கேயே நடந்துவிட்டது. உங்கள் மைத்துனர் அந்தக் கட்சியில் இருப்பது விவரம் போதாமல்தானா? அவருடைய அப்பா அந்தக் கட்சியாக இருந்திருக்கலாம். இருபது வயதில் தெருவில் கொடி கட்டியிருக்கலாம். ஏதோ ஒரு நெருக்கடியில் அந்தக் கட்சிக்காரர்தான் ஆஸ்பத்திரிக்குக் கூடவே வந்திருக்கலாம். இப்படிச் சேர்ந்துகொண்ட ஒன்றைச் செய்தித்தாள் நறுக்கை அனுப்பிக் கழற்றிவிடலாம் என்று நினைத்தது உங்கள் கணக்குப் பிழை.

தகவலுக்கு வழி திறந்துவிட்டால் மனம் மாறுமா என்று சோதிக்க உலகத்திலேயே தோதான இடம் சீனா. அங்கே ஃபேஸ்புக்கும் ட்விட்டரும் 2009 முதல் முடக்கப்பட்டிருக்கின்றன. நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை 2012 ஜூனில் சீன மொழித் தளத்தைத் தொடங்கியது. பிரதமராக இருந்த வென் ஜியாபாவின் குடும்பச் சொத்தைப் பற்றி அக்டோபரில் எழுதியது. உடனே தளத்துக்குப் பூட்டு விழுந்தது. வி.பி.என். என்ற மாற்றுப் பாதை இருந்தால்தான் இவற்றை எட்ட முடியும்.

யூயூ சென், டேவிட் யாங் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2015இல் பெய்ஜிங் நகரில் பல்கலைக்கழகத்தில் படிக்கும் மாணவர்கள் சுமார் 1,800 பேரை வைத்து ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். மாணவர்களில் ஒரு பகுதியினருக்கு அந்த மாற்றுப் பாதையை ஒன்றரை ஆண்டுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். படித்த, இளைய, கெட்டிக்காரப் பிள்ளைகள். கையில் இலவசத் திறவுகோல். பாய்ந்துகொண்டு போய்ப் படித்திருப்பார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? கிட்டத்தட்டப் பாதிப் பேர் அதை இயக்கிக்கூடப் பார்க்கவில்லை. இயக்கியவர்களிலும் வெளிநாட்டுச் செய்தித் தளங்களுக்கு வழக்கமாகப் போனவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூடத் தேறவில்லை.

இதில் பயத்துக்கும் ஓரளவு பங்கு இருக்கலாம். அது மட்டுமே காரணமாக இருக்க முடியாது. ஏனென்றால் ஆய்வின் இன்னொரு பகுதியில் அதே மாணவர்களில் சிலர் வேறு மாதிரி நடந்துகொண்டார்கள். வழி திறந்துவிடப்பட்டவர்களில் ஒரு பிரிவினருக்கு மட்டும் சில மாதங்கள் பரிசுப் போட்டி வைத்தார்கள். கேள்விக்கு விடை வேண்டுமானால் தடுக்கப்பட்ட அந்தத் தளங்களில் போய்ப் படிக்க வேண்டும். பரிசுக்காகப் படித்தார்கள். போட்டி நின்ற பிறகும் படித்தார்கள் என்பதுதான் ஆச்சரியம். ஆய்வு முடிந்து இலவசம் போனதும் கைக்காசு கொடுத்துச் சந்தாவைப் புதுப்பித்துக்கொள்ளவும் இந்தப் பிரிவினர் அதிகமாக முன்வந்தார்கள். அரசின் மேல் அவர்களுக்கு இருந்த நம்பிக்கை குறைந்தது. நாட்டின் பொருளாதாரத்தைப் பற்றிய மதிப்பீடும் மாறியது.

ஆக, தகவலுக்கு மனத்தை மாற்றும் சக்தியே இல்லை என்று சொல்வதற்கில்லை. ஆனால் அங்கே தடையாக நின்றது அரசு எழுப்பிய சுவர் மட்டுமல்ல. அதற்கு அப்பால் தனக்கு வேண்டியது ஏதும் இருக்கிறது என்ற எண்ணமே பெரும்பாலோருக்கு எழவில்லை. பசியில்லாதவன் முன்னால் இலையைப் போட்டுவிட்டு ஏன் சாப்பிடவில்லை என்று கேட்கிறோம்.

இணையத்துக்கு முந்தைய கதை ஒன்று எனக்கு இதைவிடவும் பிடிக்கும். கிழக்கு ஜெர்மனியில் கம்யூனிஸ்ட் ஆட்சி நடந்த நாளில் மேற்கு ஜெர்மனித் தொலைக்காட்சி எல்லை தாண்டி வந்து பெரும்பாலான வீடுகளில் தெரிந்தது. டிரெஸ்டன் வட்டாரம் போன்ற சில இடங்களுக்குத்தான் அலைவரிசை எட்டவில்லை. அந்தப் பகுதிக்கு ‘ஒன்றும் அறியாதவர்களின் பள்ளத்தாக்கு’ என்று கேலிப்பெயரே உண்டு. மேற்கத்தியச் செய்தியைத் தினமும் பார்த்தவன்தான் கம்யூனிஸ்ட் அரசை அதிகம் வெறுத்திருப்பான் என்று யாரும் அடித்துச் சொல்வார்கள். பிற்காலத்தில் கணக்குகளைப் புரட்டிப் பார்த்தவர்கள் கண்டது நேர்மாறு. மேற்கின் தொலைக்காட்சியைப் பார்க்க முடிந்த இடங்களில்தான் ஆட்சியின்மேல் மனநிறைவு சற்றுக் கூடுதலாக இருந்தது. நாட்டைவிட்டு வெளியேற அனுமதி கேட்டு விண்ணப்பித்தவர்கள் டிரெஸ்டன் பக்கம்தான் அதிகம். மாலையில் பார்க்க நல்ல தொடர் இருந்தால் சலிப்பான ஆட்சியையும் சகித்துக்கொள்ள முடிகிறதுபோலும். இன்று செல்பேசியில் நாம் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று யோசித்தால் ஜெர்மானியர்களைப் பார்த்துச் சிரிக்கத் தோன்றாது.

சரி, வலிந்து கொண்டுபோய்க் கண்முன்னால் உண்மையை வைத்தால்? 2016இல் டொனால்டு டிரம்ப், வேட்பாளர் நியமனத்தை ஏற்றுப் பேசிய உரையில் நாட்டில் குற்றங்கள் பெருகுகின்றன என்று முழங்கினார். பல ஆண்டுகளாகவே குற்றங்கள் பெருமளவு குறைந்து வந்ததை எஃப்.பி.ஐ. புள்ளிவிவரம் காட்டியது. அரசியல் ஆய்வாளர்கள் அவருடைய ஆதரவாளர்களிடம் அந்தப் புள்ளிவிவரத்தைக் கொடுத்தார்கள். நம் ஊரில் முயலுக்கு மூன்று கால் என்று சாதிப்பவரைக் கேலி செய்கிறோம். இவர்கள் சாதிக்கவில்லை, கணிசமானவர்கள் தங்கள் கணக்கைத் திருத்திக்கொண்டார்கள். ஆனால் டிரம்ப்மேல் இருந்த அபிமானத்தில் ஓர் இம்மியும் குறையவில்லை. ‘அந்த விஷயத்தில் அவர் சொன்னது தவறு, சரி, அதற்கென்ன?’

அந்த ‘அதற்கென்ன’வுக்கு உங்களிடம் பதில் இல்லை, ஐயா. உங்கள் மைத்துனரும் நீங்கள் அனுப்பியதைப் படித்து, உண்மைதான் என்று ஒப்புக்கொண்டு, மறுநாள் பழைய சின்னத்துக்கே வாக்களித்துவிட்டு வரலாம். அவரை முட்டாள் என்றும் சொல்ல முடியாது. ஒரு பொய்க்காகக் கட்சியை விடுவதென்றால் தமிழ்நாட்டில் யாராலும் எந்தக் கட்சியிலும் ஒரு வாரம் இருக்க முடியாது.

எதிர்த்தரப்புச் செய்தியைக் கூடுதலாகக் காட்டுவதும் ஆபத்தில்லாத வைத்தியம் அல்ல. அமெரிக்காவில் ட்விட்டர் பயன்படுத்துகிறவர்களுக்குச் சிறு தொகை கொடுத்து, மாற்றுக் கட்சித் தலைவர்களின் பதிவுகளை ஒரு மாதம் பார்க்க வைத்தார்கள். 2018இல் முடிவு வெளியானது. குடியரசுக் கட்சிக்காரர்கள் முன்பைவிட இறுக்கமான வலதுசாரிகளாக மாறியிருந்தார்கள். ஜனநாயகக் கட்சிக்காரர்களிடம் குறிப்பிடும்படி மாற்றமில்லை. மாற்றான் பேச்சைக் கேட்டுக்கேட்டே தன் பக்கத்தை இறுகப் பிடித்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இணையம் ஒன்றையுமே அசைக்காது என்று நான் சொல்லிவிட்டதாக எழுதிவிடாதீர்கள். 2008 முதல் 2017 வரை நூற்றுப் பதினாறு நாடுகளில் 3ஜி பரவியதை மக்கள் கருத்தோடு ஒப்பிட்ட பெரிய ஆய்வு ஒன்று உண்டு. செல்பேசி இணையம் வந்த வட்டாரங்களில் அரசின்மேல் நம்பிக்கை குறைந்தது. ஆட்சியில் ஊழல் இருக்கிறது என்ற உணர்வு கூடியது. இணையத்துக்குத் தணிக்கை இருந்த நாடுகளில் அப்படி நடக்கவில்லை. அவ்வளவு தூரம் மகிழ்ச்சிதான். ஆனால் அதே ஆய்வில் ஐரோப்பாவைப் பாருங்கள்: ஆளுங்கட்சியிடம் கசந்த வாக்குகளில் பெரும் பங்கை அறுவடை செய்தவர்கள் வாய்வீச்சு வீரர்கள். இணையம் ஒருவருக்குக் கோபத்தைச் சுலபமாகக் கொடுத்துவிடுகிறது. கோபத்தோடு எங்கே போய் நிற்பது என்பதை அவர் பழைய சார்பை வைத்துத்தான் முடிவு செய்கிறார்.

இனி உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கடிதம் முழுவதும் மைத்துனரின் பிடிவாதம் பற்றியே இருக்கிறது. அவர் உங்களுக்கு ஏதாவது அனுப்பியிருப்பாரே, அதைப் பற்றி ஒரு வரி இல்லை. நீங்கள் திறந்து பார்த்தீர்களா? நீங்கள் ‘தேடித் தேடி’ எடுத்த ஆதாரங்களில் உங்கள் கட்சியைச் சங்கடப்படுத்தியது ஏதாவது உண்டா? இருந்திருந்தால் அதையும் அவருக்கு அனுப்பினீர்களா? தேடுபொறி கேட்டதைத்தான் கொடுக்கும். ‘இன்ன தலைவர் ஊழல்’ என்று தட்டினால் ஊழல் வரும். ‘இன்ன தலைவர் சாதனை’ என்று தட்டினால் சாதனை வரும். மைத்துனர் இரண்டாவதைத் தட்டிக்கொண்டிருக்கிறார். இருவருமே உண்மையைத் தேடியதாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

பெய்ஜிங் மாணவர்களிடம் வேலை செய்தது பரிசுப் போட்டிதான். அதை நீங்களும் செய்து பார்க்கலாம். இணைப்பு அனுப்புவதை இன்றோடு நிறுத்துங்கள். அடுத்த முறை சந்திக்கும்போது இருவருக்குமே விடை தெரியாத ஒரு கேள்வியாக எடுங்கள். உங்கள் ஊர்க் குடிநீர்த் திட்டத்துக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், எவ்வளவு செலவானது என்பதுபோல் ஏதாவது. மதிப்பீட்டை ஆளுக்கொரு காகிதத்தில் எழுதி மடித்து உங்கள் அக்காவிடமோ அவர் தங்கையிடமோ, உறவு எந்தப் பக்கமோ, கொடுத்துவிடுங்கள். பிறகு இருவரும் ஒன்றாக உட்கார்ந்து மாநகராட்சி ஆவணத்தில் தேடுங்கள். யாருடைய எண் அதிகம் விலகியிருக்கிறதோ அவர் டிகிரி காபி வாங்கித் தர வேண்டும். பணத்தை எடுத்துக்கொண்டே போங்கள். நீங்கள் தோற்கவும் வாய்ப்பிருக்கிறது.