புறா விடுகிற பெண்ணுக்கு மூன்றாவது நீட் எதற்கு?

போன வாரம் குடியாத்தத்திலிருந்து ஒரு குடும்பம் என்னிடம் படிப்பு ஆலோசனை கேட்டு வந்திருந்தது. அப்பாவுக்கு லுங்கி வியாபாரம். மகள் இரண்டு முறை நீட் எழுதியும் அரசு சீட்டுக்கு மார்க் போதவில்லை. "சிஎம்சி மெடிக்கல் காலேஜ் இருக்கிற வேலூர் மாவட்டத்துல பொறந்துட்டு டாக்டர் ஆகலைன்னா எப்படி?" என்று தாய்மாமன் நச்சரிக்கிறாராம். வீட்டுமனையை விற்று மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்த்துவிடலாமா என்று கேட்டார் அப்பா.

முதலில் ஆறுதலாகத்தான் பேசினேன். அப்புறம் நேராகவே சொன்னேன்: விற்காதீர்கள். மனை உங்களுடையது, கடன் வந்தாலும் உங்களுடையது. மாமா வட்டி கட்டமாட்டார். ஒன்பதாவது படிக்கிற இளையவளும் இருக்கிறாள்.

பேச்சுக்கு நடுவில் பெண் ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்தாள். தாத்தாவின் புறாக்களை எங்கே, எத்தனை மணிக்குப் பறக்கவிட்டது, எப்போது வீடு திரும்பின என்று இரண்டு வருடக் கணக்கு. 'ஆம்பூர், 7.10, 7.48.' பக்கத்தில் 'மேகம்' என்று தனிக் கட்டம். யாரும் சொல்லிக்கொடுக்காமல் அந்தக் கட்டத்தைப் போட்டிருக்கிறாளே, அதைத்தான் பார்க்க வேண்டும்.

மேகம் மறைக்காத நாளில் புறாவுக்குச் சூரியன்தான் முக்கியத் திசைகாட்டி. அதைப் படிக்க உடம்புக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. அந்தக் கடிகாரத்தை ஆறு மணி நேரம் மாற்றிவைத்தால் ஏறக்குறைய 90 டிகிரி தப்பாகப் பறக்கும். இடமும் திசையும் அறிய உயிர்களின் மூளைக்குள் நடப்பது இன்னும் சுவாரசியம். எலி ஓரிடத்துக்கு வரும்போது மட்டும் துடிக்கிற செல்களை ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதியில் ஜான் ஓ'கீஃப் 1971-ல் கண்டார். தரையை அறுகோண வலைபோல அளக்கிற கிரிட் செல்களை மோசர் தம்பதி 2005-ல் சொன்னார்கள். மூவருக்கும் 2014-ல் மருத்துவ நோபல். பழ ஈயின் மூளையில் வளையமாக அமைந்த நரம்பணுக்கள் உண்டு. ஈ எந்தப் பக்கம் திரும்பினாலும் அதற்கேற்ப அந்த வளையத்தில் துடிப்பும் சுற்றி நகர்வதை 2015-ல் பார்த்தார்கள்.

இதைப் படிக்க நம்ம பக்கத்திலேயே திருப்பதி ஐஐஎஸ்இஆர் இருக்கிறது, மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம். இளநிலையும் முதுநிலையும் சேர்ந்த ஐந்து வருட பிஎஸ்-எம்எஸ், கடைசி வருடம் முழுக்க ஆராய்ச்சி. நுழைவு ஐஐஎஸ்இஆர்களே நடத்துகிற ஐஏடி தேர்வு வழியாக: இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியலில் தலா 15 கேள்விகள், மூன்று மணி நேரம். சரிக்கு நான்கு மார்க், தப்புக்கு ஒன்று போகும். நீட்டுக்காகக் கணக்கை மூட்டைகட்டி வைத்தவர்கள் இங்கேதான் வழுக்குவார்கள். இவள் பயோ-மேத்ஸ், தூசி தட்டினால் போதும். பிளஸ் டூ முடித்து எத்தனை வருடம் வரை எழுதலாம் என்பதற்கு வரம்பு உண்டு, அதனால் இந்த வருடமே எழுத வேண்டும். பிளஸ் டூவில் தன் போர்டின் முதல் ஒரு சதவீதத்தில் வந்து அடிப்படை அறிவியல் படிப்பவர்களுக்கு மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகை வருடம் 80,000 ரூபாய்.

ஒன்றை மறைக்கமாட்டேன். பிஎச்டி முடிய இன்னும் ஐந்தாறு வருடம் ஆகும். ஆனால் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 கையில் வரும். அந்த வருடங்களில் படிக்கிறவளுக்குப் பணம் வரும், உங்கள் பையிலிருந்து போகாது.

அப்பா வெகுநேரம் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். மச்சானிடம் எப்படிச் சொல்வது என்றார். என் நம்பரைக் கொடுங்கள், நான் பேசிக்கொள்கிறேன் என்றேன்.