ஜிடிஏ 6: காத்திருப்பவர்களின் கேள்விகளும் பதில்களும்

ராக்ஸ்டார் நிறுவனத்தின் ஜிடிஏ (கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ) வீடியோ கேமின் ஐந்தாம் பாகமான ஜிடிஏ 5 வெளியானது 2013 செப்டம்பர் 17. ஆறாம் பாகத்துக்கு முதலில் 2025 கடைசி என்றார்கள். பிறகு 2026 மே 26 என்றார்கள். 2025 நவம்பரில் அதையும் தள்ளி, 2026 நவம்பர் 19 என்று அறிவித்தார்கள். பதின்மூன்று வருட ஏக்கம் என்பதால் வந்த கேள்விகளில் ஆசையும் ஆதங்கமும் சரிபாதி. உறுதியாகத் தெரிந்ததை வைத்து மட்டும் பதில் சொல்கிறேன். வதந்தியை வைத்துக் கேட்ட கேள்விகளை எடுக்கவில்லை.

கேள்வி: அண்ணா, என்கிட்ட பிசி மட்டும்தான் இருக்கு. நவம்பர்லயே விளையாட முடியுமா? இப்பவே கிராபிக்ஸ் கார்டு மாத்திடட்டுமா?

மாற்ற வேண்டாம் தம்பி. அறிவிப்பில் இருப்பது பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5), எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், சீரிஸ் எஸ் என்ற கன்சோல்கள் மட்டும். ராக்ஸ்டாரின் பழைய வழக்கத்தைப் பாருங்கள். ஜிடிஏ 4 கன்சோலில் 2008 ஏப்ரல், பிசியில் அதே வருடம் டிசம்பர். ஜிடிஏ 5 பிசிக்கு வந்தது 2015 ஏப்ரல் 14, அதாவது 19 மாதம் கழித்து. ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 கன்சோலில் 2018 அக்டோபர், பிசியில் 2019 நவம்பர். இன்று வாங்கும் கார்டு அதற்குள் பழசாகிவிடும்.

வீணாகாத செலவு ஒன்று உண்டு. இன்னும் ஹார்ட் டிஸ்கில்தான் கேம் ஓடுகிறது என்றால் எஸ்எஸ்டிக்கு மாறிவிடுங்கள். 2025 மார்ச்சில் பிசிக்கு வந்த ஜிடிஏ 5 மேம்பட்ட பதிப்பே எஸ்எஸ்டி இருந்தால்தான் என்கிறது. அடுத்த பாகம் அதற்குக் கீழே இறங்கி வராது.

கேள்வி: 2026-லயும் 30 எஃப்பிஎஸ்னா அநியாயம் இல்லையா? பிஎஸ்5 ப்ரோவுல கூட 60 தர முடியாதா?

இதுவரை வந்த இரண்டு டிரெய்லரையும் பிரேம் பிரேமாகப் பிரித்தால் நொடிக்கு 30 படம்தான் (30 எஃப்பிஎஸ்) தெரிகிறது. சோம்பேறித்தனம் என்று திட்டுவதற்கு முன் கணக்கைப் பாருங்கள். 30 என்றால் ஒரு பிரேமை முடிக்க 33.3 மில்லிசெகண்ட் அவகாசம். 60 என்றால் 16.7தான்.

ரெசல்யூஷனைக் குறைத்தால் கிராபிக்ஸ் சிப்பின் சுமை குறையும். ஆனால் கடற்கரையில் நிற்கும் கூட்டத்தில் யார் எந்தப் பக்கம் திரும்புவது, சிக்னலில் எந்த வண்டி எப்போது பிரேக் போடுவது, துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் யார் ஓடுவது, யார் படுப்பது எல்லாம் சிபியூவின் (மையச் செயலியின்) வேலை. 4கே படத்தை 1080 ஆக்கினாலும் அந்த வேலையில் ஒரு துளி குறையாது. பிஎஸ்5-இல் இருப்பது 3.5 கிகாஹெர்ட்ஸ் வரை ஓடும் 8 கோர் ஜென் 2 சிபியூ. ப்ரோவில் கிராபிக்ஸ் நன்றாகவே கூடியிருக்கிறது, சிபியூ மட்டும் அதே குடும்பம்தான். 3.85 வரை போகும் ஒரு மோட் கூடுதல், அவ்வளவுதான். பத்து சதவீத வேகத்தை வைத்துக்கொண்டு நேரத்தைப் பாதியாக்க முடியாது.

அதனால் நாம் கேட்க வேண்டியது 60 இல்லை, 40. மில்லிசெகண்டில் பார்த்தால் 40 எஃப்பிஎஸ் என்பது 25. முப்பதுக்கும் அறுபதுக்கும் நட்டநடு. வண்டி ஓட்டும்போது கைக்கே வித்தியாசம் தெரியும். கூட்டத்தையும் போக்குவரத்தையும் குறைத்து 60 தந்தால் எனக்கு அது வேண்டாம். ஜிடிஏவின் உயிரே தெருவில் நடப்பவர்கள்தான்.

கேள்வி: அந்த 40 என் டிவியில ஓடுமா? 60 ஹெர்ட்ஸ் டிவி வச்சிருக்கேன்.

ஒழுங்காக ஓடாது. 120 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 120 முறை புதுப்பிக்கும் திரையில் ஒவ்வொரு பிரேமும் சரியாக மூன்று முறை காட்டப்படும். 60 ஹெர்ட்ஸில் அது ஒன்றரை முறை. ஒன்றரை முறை காட்ட வழியில்லை என்பதால் ஒரு பிரேம் ஒரு தடவை, அடுத்தது இரண்டு தடவை என்று வந்து படம் தடுமாறும்.

120 ஹெர்ட்ஸ் டிவி வைத்திருப்பவர்களும் பிஎஸ்5 செட்டிங்ஸில் ஸ்க்ரீன் அண்ட் வீடியோ, வீடியோ அவுட்புட் போய் 120 ஹெர்ட்ஸ் ஆட்டோமேட்டிக்கில் இருக்கிறதா என்று பாருங்கள். பல டிவிகளில் நான்கு எச்டிஎம்ஐ துளைகளில் ஒன்றோ இரண்டோதான் 4கே 120 எடுக்கும். துளைக்குப் பக்கத்திலேயே எழுதியிருப்பார்கள். கேபிள் வேறு துளையில் இருந்தால் காசு கொடுத்து வாங்கிய வசதி சும்மா கிடக்கும்.

கேள்வி: எவ்வளவு இடம் பிடிக்கும்? பிஎஸ்5-ல எப்பவும் "இடமில்லை"ன்னே வருது.

ரெட் டெட் 2 பிசிக்கு 150 ஜிபி கேட்டது. அதைவிடக் குறைவாக எதிர்பார்க்காதீர்கள். 200 ஜிபி காலியாக வைத்திருந்தால் நிம்மதி. முதல் பிஎஸ்5-இன் 825 ஜிபியில் நமக்குக் கிடைப்பதே 667தான்.

யுஎஸ்பி ஹார்ட் டிஸ்கில் பிஎஸ்5 கேமைச் சேமித்து வைக்கலாம், அங்கிருந்தே விளையாட முடியாது. கூடுதல் இடத்துக்கு, உள்ளேயே மாட்டும் சின்னப் பலகை மாதிரியான எம்.2 எஸ்எஸ்டிதான் வழி. பிசிஐஇ 4.0, வேகம் நொடிக்கு 5,500 எம்பி அல்லது மேல், ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு) சேர்த்து மொத்த உயரம் 11.25 மில்லிமீட்டருக்குள். 2280 (22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம்) என்ற அளவு எல்லாக் கடையிலும் கிடைக்கும். விலை குறைவு என்று சாட்டா எம்.2 வாங்கிவிடாதீர்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், பிஎஸ்5 அதை ஏற்காது.

மாட்டும்போது ரெஸ்ட் மோட் போதாது. முழுக்க அணைத்து, ஒயர்களைக் கழற்றி, சூடு ஆறவிட்டு, பக்கவாட்டு மூடியை எடுங்கள். உள்ளே ஒரு திருகோடு சின்னத் தகடு இருக்கும், அதைக் கழற்றினால் ஸ்லாட். அதிகம் பேர் தவறுவது இங்கேதான். ஸ்லாட்டுக்குள் இருக்கும் திருகுக்கு அடியில் ஒரு குட்டி வளையம் இருக்கிறது. அதை எடுத்து 80 என்று குறித்த இடத்துக்கு மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் எஸ்எஸ்டி முனை அந்தரத்தில் தொங்கும், திருகு பிடிக்காது. எஸ்எஸ்டியைச் சாய்வாகச் செருகி, மெதுவாக அமுக்கி, திருகைப் போட்டு, தகட்டை மூடுங்கள். தகடு மூடவில்லையென்றால் ஹீட்சிங்க் உயரம் அதிகம் என்று அர்த்தம், அழுத்தி மூடாதீர்கள். ஆன் செய்ததும் ஃபார்மேட் செய்யவா என்று கேட்கும்.

இணையத்திலிருந்து இறக்குவதாக இருந்தால், 150 ஜிபிக்கு 100 எம்பிபிஎஸ் இணைப்பு முழு வேகத்தில் ஓடினாலும் 3 மணி 20 நிமிடம். 50 என்றால் 6 மணி 40 நிமிடம்.

கேள்வி: சீரிஸ் எஸ்-னால கேமே தரம் குறையும்னு சொல்றாங்களே?

பாதி உண்மை. சீரிஸ் எஸ்ஸின் சிபியூ சீரிஸ் எக்ஸோடு கிட்டத்தட்டச் சமம். ஆகவே கூட்டத்தையும் போக்குவரத்தையும் அது கட்டிப்போடாது. மெமரிதான் இடிக்கும். அங்கே 10 ஜிபி, எக்ஸில் 16. டெக்ஸ்சர் (பரப்புகளின் நுணுக்கம்), ரே டிரேஸிங் (ஒளி, பிரதிபலிப்பு), ரெசல்யூஷன் எல்லாம் அந்த மெஷினில் மட்டும் இறங்கும்.

கேள்வி: ஜிடிஏ ஆன்லைன்ல லோடிங் திரையைப் பார்த்தே பாதி ஆயுசு போச்சு. இதுலயும் அப்படித்தானா?

இந்த ஆதங்கம் நியாயமானது. காரணத்தைத் தெரிந்துகொண்டால் இன்னும் வலிக்கும். 2021-இல் வெளியிலிருந்து ஒரு புரோகிராமர், பிசி பதிப்பு லோடாகும்போது என்னதான் செய்கிறது என்று அவிழ்த்துப் பார்த்தார். கடையில் விற்கும் பொருட்களின் பட்டியல் சுமார் 10 எம்பி எழுத்தாக வருகிறது, அதில் சுமார் 63,000 பொருட்கள். ஒவ்வொரு மதிப்பையும் படிக்கும்போது, மீதிப் பட்டியல் எவ்வளவு நீளம் என்று கடைசி எழுத்து வரை எண்ணிவிட்டு வந்தது நிரல். புத்தகத்தில் ஒரு சொல்லைப் படிக்க, ஒவ்வொரு முறையும் கடைசிப் பக்கம் வரை எண்ணிவிட்டுத் திரும்புவது போல.

அதோடு முடியவில்லை. படித்த பொருள் ஏற்கெனவே பட்டியலில் இருக்கிறதா என்று, முன்னால் சேர்த்த அத்தனையோடும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டது. கூட்டினால் ஏறக்குறைய 198 கோடி ஒப்பீடு. இத்தனைக்கும் அந்தப் பட்டியலில் இரட்டிப்பே கிடையாது. இந்த இரண்டையும் சரிசெய்ததும் அவருடைய கணினியில் 6 நிமிடம் 1 நிமிடம் 50 நொடியாகக் குறைந்தது. ராக்ஸ்டார் ஒப்புக்கொண்டு, 10,000 டாலர் பரிசு கொடுத்து, தன் அப்டேட்டிலும் திருத்தம் செய்தது.

ஏழு வருடம் உள்ளே யாரும் அளந்து பார்க்காமல் விட்டார்களே என்பதுதான் என் ஆதங்கம். பட்டியல் சின்னதாக இருந்தபோது வலிக்கவில்லை. பொருள் கூடக்கூட வலி அதன் வர்க்கமாகக் கூடியது. புதிய பாகத்திலும் தொடக்கத்தில் பட்டியல் சின்னதாக இருக்கும் என்பதால் முதல் வருடம் இந்த மாதிரிப் பிழை வெளியே தெரியாது. ஆன்லைன் வளர்ந்த மூன்றாவது வருடத்தில் பாருங்கள், லோடிங் நேரம் கூடியிருக்கிறதா என்று.

கேள்வி: ரெட் டெட் 2-ல உலகம் அவ்வளவு சுதந்திரம். மிஷனுக்குள்ள போனா பத்தடி தள்ளி நின்னாலே ஃபெயில். ஆறாம் பாகத்து ஜேசன், லூசியா கதையிலயாவது மாறுமா?

கிராபிக்ஸைவிட இதைத்தான் நான் பெரிதாக எதிர்பார்க்கிறேன். ஒரு மிஷனுக்கு வசனம், முகபாவம், கேமரா எல்லாம் பதிவு செய்த பிறகு, ஆட்டக்காரர் கொல்லைப்புறமாகப் போனால் அந்த வசனம் வீண். அதனால்தான் கோடு போட்டுப் பூட்டுகிறார்கள்.

ஆனால் பூட்டாமலும் செய்ய முடியும் என்று அவர்களே காட்டியிருக்கிறார்கள். ஜிடிஏ 5-இன் நகைக்கடைக் கொள்ளையை நினைத்துப் பாருங்கள். துப்பாக்கியோடு நுழைவதா, மயக்க வாயுவை அனுப்பிவிட்டு நுழைவதா என்று நாம் முடிவு செய்கிறோம். ஹேக்கருக்கு 4 சதவீதப் பங்கா, 15 சதவீதமா என்பதும் நம் முடிவு. மலிவான ஆளை எடுத்தால் நகையை அள்ளக் கிடைக்கும் நேரம் சுருங்கும். நம் முடிவுக்கு நம் பையில் விளைவு தெரிந்தது. அது மொத்தக் கதையிலும் கொள்ளைகளில் மட்டும்தான் இருந்தது. ஆறாம் பாகம் திருடர்கள் இருவரின் கதை. இந்த முறை அந்த வசதி எல்லா மிஷனிலும் வேண்டும்.

கேள்வி: ஜிடிஏ 4 வண்டி ஓட்டும் சுகம் 5-ல இல்ல. மீண்டும் வருமா சார்?

நான்கில் வண்டிக்கு எடை இருந்தது. திருப்பினால் ஒரு பக்கம் சாயும், பிரேக் போட்டால் மூக்கு இறங்கும், இடித்தால் நசுங்கும். பலருக்கு அது படகு ஓட்டுவது போல இருந்ததால் ஐந்தில் தரையில் ஒட்டவைத்தார்கள். கவிழ்ந்த காரை ஸ்டிக்கால் ஆட்டியே நிமிர்த்தலாம் என்ற அளவுக்குப் போய்விட்டது. மனிதர்கள் விழும் விதத்திலும் அதே மாற்றம்தான். நான்கில் இருந்த யூஃபோரியா என்ற உடலசைவுத் தொழில்நுட்பத்தில் இடிபட்ட ஆள் கையை ஊன்றப் பார்ப்பான், தூணைப் பிடிப்பான். ஐந்தில் அது குறைந்தது, ரெட் டெட் 2-இல் திரும்பி வந்தது. ஆகவே விழும் மனிதர்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, கார்களைப் பற்றி இருக்கிறது.

கேள்வி: கதைக்குக் கூடுதல் அத்தியாயம் வருமா, இல்ல மறுபடி ஆன்லைன்ல செலவழிக்கிற பணத்தை நிஜக் காசுக்கு விக்கிற ஷார்க் கார்டுதானா?

ஜிடிஏ 4-க்கு 2009-இல் இரண்டு பெரிய கதைகள் வந்தன. ஐந்துக்கு ஒன்றுகூட வரவில்லை. 2013 அக்டோபர் 1 அன்று தொடங்கிய ஆன்லைன் அவர்களே எதிர்பார்க்காத வருமானம் தந்தது. ஆட்கள் அங்கே போனார்கள். 20 கோடிக்கும் மேல் விற்ற கேமின் மூன்று நாயகர்களும் அப்படியே நின்றுவிட்டார்கள். ஆறாம் பாகத்தைக் கதைக்காக வாங்குகிறவர்கள், முதல் நாள் டிஸ்கில் இருப்பதுதான் முழுக் கதை என்று நினைத்தே வாங்குங்கள்.

கேள்வி: ஸ்டீம் டெக்ல ஆன்லைன் ஓடுமா?

2024 செப்டம்பரில் ஜிடிஏ ஆன்லைனில் பேட்டில்ஐ என்ற ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளைப் போட்டதும், லினக்ஸில் ஓடும் கையடக்க பிசியான ஸ்டீம் டெக்கில் ஆன்லைன் நின்றது. கதை மட்டும் ஓடுகிறது. பேட்டில்ஐ லினக்ஸை ஆதரிக்கும், ராக்ஸ்டார்தான் அனுமதிக்க வேண்டும். எனவே ஆறுக்காக டெக் வாங்காதீர்கள்.

கேள்வி: ப்ரீ-ஆர்டர் போடலாமா? முதல் நாளே வாங்குறது நல்லதா?

2021 நவம்பரில் வந்த மூன்று பழைய ஜிடிஏக்களின் மறுபதிப்பு ஞாபகம் இருக்கிறதா? சான் ஆண்ட்ரியாஸில் ஒரு டோனட் கடை. பெயரில் "நட்" வருவதால் கூரைமேல் அறுகோண நட் ஒன்று நிற்கும். மறுபதிப்பில் அதன் ஆறு முனையும் மழுங்கி வெறும் வட்டமாகிவிட்டது. இயந்திரம் விளிம்பை வழவழப்பாக்கியது, ஒரு மனிதக் கண் அதைத் திரும்பப் பார்க்கவில்லை. பிசி பதிப்பைச் சில நாள் விற்பனையிலிருந்தே எடுத்தார்கள். நிறுவனம் மன்னிப்பும் கேட்டது.

ஆறாம் பாகம் ராக்ஸ்டாரே நேரடியாகச் செய்யும் கேம் என்பதால் அந்த அளவுக்குப் போகாது என்று நம்புகிறேன். ஆனாலும் டிஜிட்டல் பிரதி தீர்ந்துபோகாது, அதற்கு முன்பணம் கட்ட அவசியம் இல்லை. டிஸ்க் வாங்குபவர்கள் மட்டும் கடையில் சொல்லி வையுங்கள். வெளியான அன்று சாதாரண பிஎஸ்5-இல் எடுத்த வீடியோவைப் பாருங்கள். ப்ரோவில் எடுத்தது உங்களுக்கு உதவாது. பட்டப்பகலில், நெரிசலான தெருவில், வேகமாக வண்டி ஓட்டும் காட்சியைத் தேடுங்கள். 30 நிற்கிறதா விழுகிறதா என்பது அங்கேதான் தெரியும். டிஸ்க்கைப் போட்டதும் கேம் தொடங்கிவிடாது, முதல் நாள் பேட்ச் இறங்கட்டும். ரெஸ்ட் மோடில் இணைய இணைப்பை ஆன் செய்துவிட்டு இரவே விட்டுவிட்டால் காலையில் விளையாடலாம்.