குளிரை விடுங்கோ, முதலில் விசாவைப் பாருங்கோ

தம்பி, கொக்குவிலில் இருந்து நீங்கள் கேட்டது: நோர்வேக்கு வடக்கே இருக்கிற சுவால்பார்ட் தீவுகளில் நி-ஓலசுண்ட் ஆராய்ச்சி நிலையத்தில் ஆறு மாதக் குசினி வேலை கிடைக்கும் போல இருக்கு, குளிரைத் தாங்கேலுமோ, என்ன கொண்டு வர வேணும் எண்டு. குளிர் கடைசிப் பிரச்சினை.

சுவால்பார்டுக்கு விசா தேவையில்லை. இதைக் கேட்டவுடனே துள்ளாதேங்கோ. நோர்வேப் பெருநிலம் வழியாகத்தான் பறக்க வேணும், அதுக்கு ஷெங்கன் விசா, அதாவது நோர்வேயும் மற்ற ஐரோப்பிய நாடுகளும் பொதுவாக வைச்சிருக்கிற விசா, கட்டாயம். சுவால்பார்ட் ஷெங்கனுக்கு வெளியே இருக்கிறதால், திரும்பேக்கை மறுபடியும் புதிதாக நுழையிறீங்கள். ஒருதரம் மட்டும் நுழையிற விசா எண்டால் அங்கேயே மாட்டுப்படுவீங்கள். இரண்டு தரமாவது நுழையிறதாகக் கேளுங்கோ. அங்கே வேலை செய்த காலம் நோர்வேயின் நிரந்தர வதிவிடக் கணக்கில் சேராது. வேலை போனால் உதவிப்பணமும் இல்லை. தன்னைத் தானே பார்க்க ஏலாத ஆளை ஆளுநர் வெளியேற்றலாம். உழைச்சுச் சேர்க்க நல்ல இடம். நோர்வேயில் குடியேறுற நினைப்போட வாறதெண்டால் வேண்டாம்.

அடுத்தது கைபேசி. நி-ஓலசுண்டில் பெரிய ரேடியோ தொலைநோக்கிகள் இருக்கு. கோடிக்கணக்கான ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கிற குவேசார்கள் எண்ட பிரகாசமான விண்பொருட்களின் மெல்லிய சமிக்ஞையைப் பிடிச்சுப் பூமியின் சுழற்சியை அளக்கிறவை. அதாலை 20 கிலோமீற்றர் ஆரைக்குள் வைஃபை, புளூடூத் தடை. சுவால்பார்டின் முக்கிய ஊரான லோங்யீயர்பியேனில் சின்ன விமானம் ஏற முன்னமே எல்லாத்தையும் நிப்பாட்டுங்கோ. ஸ்மார்ட் கைக்கடிகாரத்தை நிப்பாட்ட மறந்துபோறவைதான் கூட. வயர் உள்ள ஹெட்செட், வயர் மவுஸ், மடிக்கணினிக்கு லான் கேபிளும் அதைச் செருகிற அடப்டரும் கொண்டு வாங்கோ. குளிர்காலத்தில் யாழ்ப்பாணம் நாலரை மணித்தியாலம் முன்னுக்கு. வேலை முடிச்சு இரவு எட்டுக்கு எடுத்தால் அம்மா நித்திரை. பின்னேரம் இரண்டு மணி இடைவேளையில் எடுத்தால் அங்கே ஆறரை.

இடம் 79 பாகை வடக்கு எண்டாலும் மேற்குக் கரையை வெப்ப நீரோட்டம் தொடுகிறதால் பெப்ரவரி, மார்ச்சில் சராசரி −10, −15 அளவுதான். ஆளைக் கொல்லுறது காற்றும் வியர்வையும். உள்ளுக்குப் பருத்தி போடாதேங்கோ. நனைஞ்சால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிப்போடும். மெரினோ கம்பளி உள்ளுடுப்பு இரண்டு சோடி, மேலே கம்பளி, அதுக்கு மேலே காற்றுத் தடுக்கிற சட்டை. சப்பாத்து ஒரு அளவு பெரிசாக வாங்குங்கோ, தடிச்ச காலுறைக்கும் காற்றுக்கும் இடம் வேணும். கட்டடத்துக்குள் வெளிச்சப்பாத்து கழற்றோணும், அதாலை உள்ளுக்குப் போட ஒரு செருப்பு.

குசினிக்காரருக்குத் தொந்தரவு வறட்சிதான். குளிர்காற்றில் ஈரம் குறைவு, அதைச் சூடாக்கினால் இன்னும் வறளும். சட்டி கழுவுற கையின் விரல் நுனி வெடிக்கும். ரப்பர் கையுறைக்குள் மெல்லிய பருத்திக் கையுறை, படுக்க முன் வாசலின். வெடிச்ச பிறகு பூசிப் பிரயோசனம் இல்லை, முதல் நாளிலேயே தொடங்குங்கோ.

ஒக்டோபர் கடைசியிலிருந்து பெப்ரவரி நடுப்பகுதி வரை சூரியன் எழும்பாது. அலாரம் வைச்சு ஒரே நேரத்துக்கு எழும்பாவிட்டால் நாள் தலைகீழாகும். லீவு நாளிலும் அப்படித்தான்.

கதவுகள் பூட்டுறதில்லை: பனிக்கரடி வந்தால் ஆர் வீட்டுக்குள்ளும் ஓடலாம். ஊர் எல்லை தாண்ட துவக்குப் பயிற்சி வேணும், துவக்கும் வேணும். துருவ நரிக்கு விசர் நோய் (ரேபிஸ்) இருக்கலாம், வடிவாக இருக்கெண்டு தொடாதேங்கோ.

யாழ்ப்பாணத்துக் கறித்தூள் ஒரு கிலோ கொண்டு வாங்கோ, இறுக்கமாகச் சீல் பண்ணின பையில். இறைச்சி, பால் சாமான் வேண்டாம், சுங்கத்தில் எறிவினம். அறையில் ரைஸ் குக்கர் ஒளிச்சு வைக்காதேங்கோ. மரக்கட்டடங்கள், உலர்ந்த காற்று, தீயென்றால் எல்லாரும் நடுங்குவினம்.

சின்ன ஆஸ்பத்திரிகூட லோங்யீயர்பியேனில்தான், பெரிய வருத்தமெண்டால் நோர்வேப் பெருநிலத்தில் இருக்கிற துரொம்சோ. காலநிலை விட்டால்தான் பறக்கலாம். ஆடுற பல்லு, பாதி அடைச்ச பல்லு எல்லாத்தையும் வெளிக்கிட முன் யாழ்ப்பாணத்திலேயே முடியுங்கோ. கண்ணாடி போடுறவரெண்டால் இன்னொரு சோடியும் எடுத்து வாங்கோ.