அட்டவணை காலி, டெக்ஸ்ட் மட்டும் குவியலாக வருகிறதா?

கேள்வி: திருவல்லிக்கேணியில் சிறிய பதிப்பகம் நடத்துகிறோம். நந்தனம் புத்தகக் காட்சிக்கான விலைப்பட்டியலை, பில்லிங் மென்பொருள் தரும் எக்ஸ்எம்எல் கோப்பிலிருந்து (தரவை டேக்குகளுக்குள் வைக்கும் வடிவம்), எக்ஸ்எஸ்எல்டி என்ற உருமாற்ற மொழி மூலம் எச்டிஎம்எல் வலைப்பக்கம் ஆக்கி எடுப்போம். மென்பொருளை அப்டேட் செய்ததிலிருந்து அட்டவணையில் தலைவரி மட்டும்தான் இருக்கிறது. அதற்கு மேலே நூல்பெயரும் விலையும் ஒட்டிக்கொண்டு கொட்டிக் கிடக்கின்றன. எரர் எதுவும் காட்டவில்லை. நூல், தலைப்பு, விலை என்று டேக்குகள் தமிழில் இருப்பதுதான் காரணமா?

பதில்: தமிழ்மேல் பழி வேண்டாம். 1998-ல் வந்த எக்ஸ்எம்எல் 1.0-லேயே தமிழ் டேக்குகளுக்கு இடம் உண்டு.

உங்கள் 'நூல்' டெம்ப்ளேட், அதாவது அந்த டேக்கை எப்படி எழுத வேண்டும் என்ற விதி, ஓடவே இல்லை. எந்த டெம்ப்ளேட்டும் பொருந்தாத இடத்துக்கென்று எக்ஸ்எஸ்எல்டி தானே ஒரு விதி வைத்திருக்கிறது: எலிமென்ட் (டேக்கும் அதன் உள்ளடக்கமும்) என்றால் உள்ளே இறங்கும், டெக்ஸ்ட் என்றால் அப்படியே எழுதிவிடும். எரர் வராததும் இதனால்தான். அட்டவணைக்குள் கட்டத்தில் அடங்காமல் வரும் டெக்ஸ்டை பிரவுசர் மேலே தள்ளிவிடும். நீங்கள் பார்ப்பது அந்தக் குவியல்.

பழைய கோப்பையும் புதியதையும் திறந்து ரூட் எலிமென்ட்டை (எல்லாவற்றையும் உள்ளடக்கிய முதல் டேக்) ஒப்பிடுங்கள். புதியதில் 'எக்ஸ்எம்எல்என்எஸ்' என்று ஒரு முகவரி சேர்ந்திருக்கும், அநேகமாக. அது வந்துவிட்டால் 'நூல்' வெறும் நூல் அல்ல, அந்த முகவரி குறிக்கும் நேம்ஸ்பேஸைச் (பெயர்க் குழுவைச்) சேர்ந்த நூல். முன்னொட்டில்லாத உங்கள் மேட்ச் (டெம்ப்ளேட் எந்த டேக்குக்கு என்று சொல்லும் இடம்) அதைத் தொடாது.

ஸ்டைல்ஷீட்டின் (உங்கள் எக்ஸ்எஸ்எல்டி கோப்பின்) ரூட்டில் அதே முகவரியை ஒரு முன்னொட்டுடன் அறிவியுங்கள், 'ப' என்றே வைக்கலாம். முன்னொட்டு உங்கள் இஷ்டம். முகவரி மட்டும் கடைசிச் சாய்கோடு வரை அச்சு அசலாக இருக்க வேண்டும். பிறகு 'ப:நூல்', 'ப:விலை' என எல்லா மேட்ச்சிலும் செலக்ட்டிலும் (எந்தத் தரவை எடுப்பது என்று சொல்லும் இடம்) மாற்றுங்கள். பலர் மேட்ச்சை மட்டும் மாற்றிவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். அப்போது வரிசைகள் வரும், கட்டங்கள் வெறுமையாக இருக்கும். அட்ரிபியூட்டுகளுக்கு (டேக்கின் உள்ளே எழுதும் பண்புகளுக்கு) முன்னொட்டு போடாதீர்கள், முன்னொட்டில்லாமல் அறிவித்த டிஃபால்ட் நேம்ஸ்பேஸ் அவற்றுக்குச் செல்லாது. எக்ஸ்எஸ்எல்டி 2.0 முதல் 'எக்ஸ்பாத்-டிஃபால்ட்-நேம்ஸ்பேஸ்' என்ற ஒரே அட்ரிபியூட்டில் வேலை முடியும். ஆனால் உருமாற்றத்தை ஓட்டும் கருவிகளில் எக்ஸ்எஸ்எல்டிபிராக் 1.0-ஐத்தான் அறியும், 2.0 அறிந்த சாக்ஸான் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். ஒரு எச்சரிக்கை: 1.0-ல் மதிப்பை எழுதும் 'வேல்யூ-ஆஃப்', பொருந்தும் பலவற்றில் முதல் நோடை (முதல் உருப்படியை) மட்டும் தரும், 2.0-ல் எல்லாவற்றையும் இடைவெளி விட்டுத் தரும். இரண்டு ஆசிரியர்கள் உள்ள நூல்களைச் சரிபாருங்கள்.

முகவரி எதுவும் சேரவில்லையா? எந்த எலிமென்ட்டுக்கும் பொருந்தும் நட்சத்திரக் குறிக்கு ஒரு டெம்ப்ளேட் எழுதி, செய்தி காட்டும் 'மெசேஜ்' மூலம் எலிமென்ட்டின் நேம், நேம்ஸ்பேஸ்-யூஆர்ஐ (அதன் முகவரி) இரண்டையும் அச்சிட்டு, உள்ளே இறங்கச் சொல்லும் அப்ளை-டெம்ப்ளேட்ஸும் வையுங்கள். அதன் முன்னுரிமை -0.5, மேட்ச்சில் டேக்கின் பெயரைச் சொன்ன டெம்ப்ளேட்டுக்கு 0. ஆகவே அநாதையாக நிற்கும் எலிமென்ட்டுகள் மட்டும் அதில் சிக்கும். டெம்ப்ளேட்டுகளை வகை பிரிக்கும் மோட் வைத்து அழைத்திருந்தால் இந்த டெம்ப்ளேட்டுக்கும் அதே மோட் வேண்டும். டெக்ஸ்டுக்கு வெற்று டெம்ப்ளேட் போட்டுக் குவியலை மறைக்கும் வைத்தியம் வேண்டாம், தடயம்தான் அழியும்.

தமிழால் வரக்கூடிய சிக்கல் ஒன்று உண்டு. 'தொகுதி' போன்ற டேக்கில் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசம் தெரியாது, எக்ஸ்எஸ்எல்டிக்கோ அவை இரு வேறு பெயர்கள். அப்படிப்பட்ட டேக்கை ஸ்டைல்ஷீட்டில் தட்டச்சாமல் மூலக் கோப்பிலிருந்தே நகலெடுத்து ஒட்டுங்கள்.