சிரிப்பை விலக்கி ஒரு நினைவு மலரா?

அன்புள்ள ஐயா,

ஹட்டனில் எங்கள் லயன்ஸ் கழகத்தின் மூத்த உறுப்பினர் அண்மையில் காலமானார். நீங்களும் அவரை நன்கு அறிவீர்கள். நினைவு மலர் தயாரிக்கும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். ‘துக்க மலரில் வேடிக்கைப் பேச்சு எதற்கு, வகித்த பதவிகளையும் நடத்திய கண் முகாம்களையும் போட்டால் போதும்’ என்கிறார்கள் சில பெரியவர்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஒரு வாசகர், ஹட்டன்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் பார்த்துத்தான் செய்தி தெரிந்தது. இன்னும் மனம் ஆறவில்லை.

பதவிகளைப் போடுவதென்றால் அவர் விரும்பி ஏற்ற பதவியை முதலில் போடுங்கள். லயன்ஸ் கழகத்தில் சிரிப்புக்கென்றே ஒரு பொறுப்பு உண்டு: டெயில் டுவிஸ்டர். கூட்டம் தூங்கி வழியாமல் பார்த்துக்கொள்வதும், ஏதாவது ஒரு சாக்கில் உறுப்பினர்களுக்குச் சிறு அபராதம் விதிப்பதும் அந்தப் பொறுப்பில் இருப்பவரின் வேலை. தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது. அவருக்கே அபராதம் போட வேண்டுமானால் வந்திருப்பவர்கள் எல்லோரும் ஒருமனதாக வாக்களிக்க வேண்டும். சேரும் பணத்தை அப்போதே பொருளாளரிடம் கொடுத்துவிட வேண்டும் என்பதும் விதி.

அந்த அதிகாரத்தை நம்மவர் கையாண்ட விதம் தனி. ஒருமுறை தேயிலைத் தோட்டத்தை நிர்வகிக்கும் துரை ஒருவர் கூட்டத்துக்குத் தாமதமாக வந்தார். நம்மவர் எழுந்து, கணக்கப்பிள்ளையின் குரலில், “இன்று உங்களுக்கு அரைப்பேர்தான்” என்று அறிவித்து அபராதம் போட்டார். நிறுவைக் கொட்டகையான மடுவத்தில் தேயிலைக் கொழுந்தை நிறுத்து, எடை குறைந்தால் பாதிச் சம்பளம் என்று எழுதுவார்களே, அந்த அரைப்பேர். தாயின் பெயருக்கு நேரே அது எழுதப்படுவதைப் பார்த்து, தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் வளர்ந்த பிள்ளை, துரையின் முகத்துக்கு நேரே அதைச் சொன்னார். ஒரு கணம் யாருக்கும் மூச்சு வரவில்லை. துரைதான் முதலில் சிரித்தார். பணத்தையும் கட்டினார்.

இதை விட்டுவிட்டு ‘நகைச்சுவை உணர்வு மிக்கவர்’ என்று எழுதினால் யாருக்கு என்ன விளங்கும்?

கண் முகாம்களிலும் இதே கதைதான். 1925இல் ஹெலன் கெல்லர் லயன்ஸ் மாநாட்டில் பேசி, பார்வையற்றோருக்குத் துணை நிற்கும்படி கேட்டுக்கொண்டதிலிருந்து கண் சேவை இந்த இயக்கத்தின் அடையாளமாக இருக்கிறது. மலரில் அதுவும் இடம்பெறட்டும். ஆனால், நான் உடன் சென்ற முகாமில் என்ன நடந்தது தெரியுமா? வரிசையில் நின்ற வயதான அம்மாக்கள், சுவரில் தொங்கிய எழுத்து அட்டையைப் பார்த்ததும் ஒவ்வொருவராக நழுவத் தொடங்கினார்கள். கண் தெரியவில்லை என்று சொல்ல அவர்களுக்கு வெட்கமில்லை. படிக்கத் தெரியாது என்பது ஊரார் முன்னால் வெளிப்பட்டுவிடுமே என்ற கூச்சம். படிக்காதவர்களுக்கென்று ஓர் அட்டை இருக்கிறது. ஆங்கில ‘ஈ’ எழுத்து மட்டும் நாலா பக்கமும் திரும்பித் திரும்பி நிற்கும், அதன் கால்கள் நீளும் திசையைக் கையால் காட்டினால் போதும். நம்மவர் அந்த அட்டையை மாட்டிவிட்டு, “அம்மாயி, இவன் சம்பள நாளில் குடித்துவிட்டு வரிக்கு வரி ஒரு பக்கம் காலை நீட்டிப் படுத்திருக்கிறான். எந்தப் பக்கம் என்று மட்டும் காட்டுங்கள்” என்றார். வரிசை முழுவதும் சிரித்தது. அந்த அம்மாயி தலைமுண்டை இழுத்துவிட்டுக்கொண்டு, மேல் வரியிலிருந்து கையைக் காட்டத் தொடங்கினார். கீழே வர வர எழுத்து சிறுத்து, கண் தடுமாறியது. “பணம் தீர்ந்துவிட்டது, ஆள் மெலிந்துவிட்டான்” என்றார் இவர். நழுவியவர்கள் திரும்பி வந்து நின்றார்கள்.

எத்தனை பேருக்குக் கண்ணாடி கொடுத்தோம் என்ற கணக்கு கழகத்தின் ஏட்டில் இருக்கும். அவர்களை வரிசையில் நிற்க வைத்தது எது என்பது அந்த ஏட்டில் இருக்காது. அதனால்தான் பெரியவர்கள் சொல்வதோடு என்னால் உடன்பட முடியவில்லை.

ஒன்று மட்டும் கவனியுங்கள். துணுக்குகளாகத் திரட்டிப் போடாதீர்கள். எங்கே, யாரிடம், எதற்காகச் சொன்னார் என்பதோடு எழுதுங்கள். தம்மைவிட எளியவரை வைத்து அவர் சிரிக்க நான் கண்டதில்லை. சூழலோடு எழுதினால் அது தானாகவே தெரியும். யாராவது ஒருவர் வீட்டில் இன்றும் வலிக்கக்கூடிய பேச்சு ஏதும் இருந்தால், அதை விட்டுவிடுங்கள்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் தோட்டங்களுக்கு ஒரு நடை போய் வாருங்கள். கழகத்தில் நாம் கேட்காத கதைகள் அந்த லயங்களில் கிடைக்கும். மலர் வந்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள்.

அன்புடன்.