நூலகத்தில் உட்கார்ந்தாலே தூக்கம் வருகிறதா?

தம்பி, தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதி வீட்டில் டிவி சத்தம், வெஸ்ட்வில் பல்கலைக்கழக வளாக நூலகத்துக்குப் போனால் அரைமணியில் தலை மேசையில் சாய்கிறது என்று எழுதியிருந்தீர்கள். எனக்கும் அதே கதைதான். முதலில் அந்த மெத்தை நாற்காலியை விடுங்கள், அது ஆளையே விழுங்கிவிடும். ஜன்னலோரம் மர நாற்காலி, தினமும் அதே இடம், போன் பைக்குள், 45 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து தண்ணீர். முழு அமைதி எல்லோருக்கும் ஒத்துவராது, எனக்கெல்லாம் பக்கத்தில் யாராவது தாள் புரட்டினால்தான் தனியாக இல்லை என்று தோன்றும். (1961-இல் இந்தியர்களுக்கென்று தொடங்கிய கல்லூரியில் படிக்க நம் தாத்தாமார் டர்பன் துறைமுகத்திலுள்ள சாலிஸ்பரி தீவின் பழைய கடற்படைக் கட்டடங்களுக்குப் போனார்கள், நமக்கு நாற்காலிதான் பிரச்சினை!) அப்புறமும் கண் சொருகினால் 20 நிமிடம் அலாரம் வைத்துத் தூங்குங்கள், ஆனால் பை வாரைக் காலில் மாட்டிக்கொண்டு. அப்படி மாட்டாமல் தூங்கித்தான் என் சார்ஜர் திருட்டுப் போனது.